பெட்டி பேசியதும் கங்கம்மாள் வராமல் போனதும்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து.

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை போதகர் அன்பு அவர்களின் சமுகத்துக்கு, மைத்துனன் நாகப்பன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மெர்சியும் தேவ கிருபையால் சுகம். சுகமில்லாத சங்கதிகளை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். தாங்களும் தங்கை லீலாவும் நலமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். லீலாவின் முட்டிவலிக்கு மெர்சி சொல்லி அனுப்பிய முடக்கத்தான் தோசையை அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்கச் சொன்னாள். சாப்பிடாவிட்டாலும் சாப்பிடுவதாகவே பதில் போடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் நான்தான் பாட்டு வாங்க வேண்டும்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டீர்கள், போதகர்கள் கூட்டத்தில் எங்கள் ஆயர் எழுந்து நின்று எங்கள் சபையில் காணிக்கை பொங்கி வழிகிறது என்று சாட்சி சொன்னாராம், ஜனங்களைக் கொடுக்க உற்சாகப்படுத்த என்ன வழி செய்தீர்கள், பொருளாளர் என்கிற முறையில் விவரமாக எழுதி அனுப்புங்கள், அரக்கோணத்தில் எங்கள் கமிட்டியில் வாசிக்க வேண்டும் என்று. ஆயர் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. அவர் சாட்சி சொன்ன அன்று வரைக்கும் அது உண்மைதான். மறுநாள்தான் டீக்கடை பாஞ்சாலி கையில் டீ வடிகட்டியோடு ஆலயத்துக்குள் வந்தாள். ஆனால் அதை அதனதன் இடத்தில் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் சபை உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு காலத்தில் நெல்லும் பூசணியும் சேவலுமாக வந்து விழுந்த இடம். இப்போது நிலமெல்லாம் கம்பெனி, ஜனமெல்லாம் ஷிப்ட். பாதி பெஞ்சில் ஊர்க்காரர்கள், மீதிப் பாதியில் ஆஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தென்பக்கத்துப் பெண்பிள்ளைகள், நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து பிரசங்கத்தில் கண்ணயர்ந்து, பாட்டு வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு அருமையாகப் பாடும் பிள்ளைகள். இத்தனை பெண்கள் வருகிற ஆலயத்தில் அவர்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை. எதிரே பெட்ரோல் பங்குக்கு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து ஓடுகிறார்கள். இது வெட்கக்கேடு என்று மெர்சி மகளிர் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டாள். அதற்குப் பணம் வேண்டும் என்று கமிட்டி கூடியது. அங்கேதான் பிரசன்னா எழுந்தான்.

பிரசன்னா நல்ல பையன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எச்.ஆரில் இருக்கிறான். வேலையை விட்டுப் போகிறவர்களைப் போகாமல் பிடித்து வைப்பதுதான் அவன் வேலை என்று அவனே சொல்வான். கொடுக்கிறவர்களோடு சபை உறவு வளர்க்க வேண்டும், அவர்கள் கொடுத்ததை நாம் கவனித்தோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள் என்று லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பலகை, ஒரு பெட்டி, ஒரு போஸ்டர், இந்த மூன்றும் போதும் என்றான். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் மட்டும் தூக்கவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன், ஆனால் உறையை ஒட்டுவதற்கு முன் மெர்சி இதை வாசிப்பாள்.

பலகை என்றால் கம்பெனி லைனில் தலைக்கு மேல் தொங்குமே, இன்றைய இலக்கு இவ்வளவு, எட்டியது இவ்வளவு, குறைந்தால் சிவப்பு விளக்கு, அதே மாதிரி. அதைப் பீடத்துக்கு வலதுபக்கம் மாட்டினோம். வாரம் ஆறு நாளும் அந்தச் சிவப்பு விளக்குக்குக் கீழே நின்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குகிற பிள்ளைகள், ஏழாம் நாள் கொஞ்சம் தலை சாய்க்கலாம் என்று வந்தால் இங்கேயும் அது எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பிள்ளை அதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து செல்போனை ஒளித்துக்கொண்டாள். அன்று பிரசங்கத்தில் ஒருவரும் தூங்கவில்லை. ஆயருக்குப் பரம திருப்தி.

பெட்டி என்றால் மளிகைக்கடையில் வைத்திருக்கிறார்களே, போனில் பணம் அனுப்பினால் ஒரு பெண் குரல் உரக்கச் சொல்லுமே, அந்தச் சவுண்ட் பாக்ஸ். காணிக்கைப் பாட்டு முடிந்து மௌன ஜெபம். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறோம். பெட்டி கணீரென்று "ரூபாய் ஒன்று பெறப்பட்டது" என்றது. சபை மொத்தமும் கண்ணைத் திறந்து யாரடா அந்தக் கஞ்சன் என்று திரும்பிப் பார்த்தது. சோதனைக்காக அனுப்பியது ஆயரேதான், அங்கிக்குள் போனை ஒளிக்க அவர் பட்ட பாட்டை நான் மட்டும் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் லேபர் கான்ட்ராக்டர் ஒருவர், பெயர் வேண்டாம், தாம் கொடுக்க நினைத்த ஐந்நூறை நூறு நூறாக ஐந்து தடவை அனுப்பினார், பெட்டி ஐந்து தடவை பேசட்டும் என்று. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதெல்லாம் போய், இங்கே சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை, பணம் வந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது கங்கம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷனை இழந்தவள், வல்லக்கோட்டையில் ஓர் ஒற்றை அறையில் இருக்கிறாள், ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்து வைத்து, மாத முதல் ஞாயிறு ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து பீடத்தருகே வைப்பாள். எல்லா வீட்டுப் பெண்களும் செய்துவந்த பிடி அரிசிக் காணிக்கைதான், ஆனால் இன்றைக்கும் விடாமல் செய்கிறவள் அவள் ஒருத்திதான். ஆராதனை முடிந்ததும் மெர்சி அதை விலைக்கு எடுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சோறு அந்த அரிசிதான். புழுங்கலும் பச்சையும் ரேஷனும் கலந்திருக்கும், பாதி குழையும், பாதி முறைக்கும், இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும். பலகை மாட்டிய மாதம் அவள் வழக்கம்போலப் பையோடு வந்தாள். பிரசன்னா ஓடிப்போய் வாங்கி, மிக மரியாதையாக, "ஆன்ட்டி, இது போர்டுல ஏறாது. அமவுண்ட்டா குடுத்தீங்கன்னா உங்க காணிக்கையும் கணக்குல வரும்" என்றான். அவள் சரி தம்பி என்று தலையாட்டினாள். மறு ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அவளிடம் இருப்பது பட்டன் போன், அதுவும் கம்பெனி கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மெர்சி ஞாயிறு மதியம் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமையானால் காலையிலேயே கிளம்பிப் போய்விடுகிறாள் என்றார்கள். அவ்வளவுதான், எங்கள் கமிட்டி தீர்ப்பு எழுதிவிட்டது. புதிதாகக் கொட்டகை போட்டிருக்கிறார்களே, நாலு ஸ்பீக்கர் வைத்த சபை, அங்கே போய்விட்டாள் என்றது. மெர்சி வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தப் பொம்பளயத் தொரத்திட்டு அங்க கக்கூஸ் கட்டி யாரு போறது? கங்கம்மா வர்ற வரைக்கும் நானும் வர்ல" என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பொருளாளர் தனியாக ஆலயத்துக்குப் போய், திரும்பும்போது ஓட்டல் எலுமிச்சை சாதம் வாங்கிவந்து சாப்பிட்டார். அந்தச் சாதத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மெர்சி இல்லாத பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை மாப்பிள்ளை, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

இதற்கு நடுவில்தான் அற்புதம் நடந்தது. வாரநாட்களில் ஆளில்லாத ஆலயத்தில் பெட்டி தானாகப் பேச ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு "ரூபாய் பன்னிரண்டு பெறப்பட்டது." பத்து மணிக்கு மறுபடி. சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் மூச்சு விடாமல் பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு. பெருக்க வருகிற அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடியே போனாள். ஆயர் முழங்காலில் நின்றார். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. பலராமன் என்று கணக்கில் பெயர் வருகிற ஒரு சகோதரர், யாரென்று தெரியவில்லை, வாரத்தில் ஆறு நாளும், நாளுக்கு மூன்று வேளையும், பன்னிரண்டு பன்னிரண்டாகக் கர்த்தருக்குக் கொடுத்து வருகிறார், பன்னிரண்டு என்பது கோத்திரங்களின் எண், அப்போஸ்தலர்களின் எண், இவரல்லவோ விசுவாசி என்று ஆயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பிரசன்னா அந்த மாதத்தின் சிறந்த காணிக்கையாளர் என்று பலராமன் பெயரைப் பலகையில் ஏற்றி, படத்துக்குக் கட்டம் போட்டுக் காலியாக விட்டான். அந்த உற்சாகத்தில்தான் ஆயர் உங்கள் கூட்டத்தில் சாட்சி சொன்னது.

மறுநாள் பாஞ்சாலி வந்தாள். எங்கள் மதிற்சுவரை ஒட்டித்தான் அவள் டீக்கடை. எங்கள் போஸ்டரை, அதுதான் அந்த மூன்றாவது சாமான், பெரிய கட்டம் போட்ட க்யூ.ஆர் படத்தை, பிரசன்னா மதிலுக்கு வெளியே போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருந்தான். அது சரியாக அவள் பெஞ்சுக்கு மேலே. அவள் கடையின் சொந்த க்யூ.ஆர் படம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க நடந்து போகிறவர்களும் அவளிடம் டீ குடித்துவிட்டு எங்கள் போஸ்டருக்குப் பணம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் மருமகன் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். "மாசம் பூரா டீ ஆத்திகினு கீறது நானு. துட்டு போறது உங்களுக்கு. உங்க சாமி டீ குடிக்கிறாரா ஐயா, சொல்லுங்க, ஸ்ட்ராங்கா போட்டுத் தர்றேன்" என்றாள். ஆயர் அவளை உட்காரச் சொன்னார். பலராமன் யாரென்று விசாரித்தால் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், நெற்றி நிறையத் திருநீறு, வருஷா வருஷம் காவடி எடுக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. எந்தச் சாமிக்குப் போனால் என்ன, டீ சூடாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார்.

பாஞ்சாலியின் பணத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். பலகையில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "வந்தது டீக்காசு. போனது கங்கம்மா" என்றாள். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பிரசன்னாவுக்குப் போன் போட்டு, காரை எடுத்துக்கொண்டு வா, வல்லக்கோட்டைக்குப் போகிறோம் என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வருவதுதான் எங்கள் உத்தேசம். வழி முழுக்க நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். பிரசன்னா முந்திக்கொண்டு தான் பேசுவதாகச் சொன்னான். மெர்சி பின்சீட்டிலிருந்து ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கங்கம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கேன்டீன் சீருடையைக்கூட மாற்றாமல் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் மூவரையும் கும்பலாகப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "இன்னாண்ணா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை, உன்னைத்தான் காணவில்லை, எங்கள் மேல் கோபமா என்று மெர்சி கேட்டாள். கங்கம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கோபமா, எதற்கு என்றாள். பிறகு எதற்கு ஆலயத்துக்கு வரவில்லை என்றதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அரிசி போர்டுல ஏறாதுன்னு தம்பி சொல்லிச்சு. சம்பளம் வாடவைக்கும் கடனுக்கும் சரியாப் பூடுது. ஞாயித்துக்கெழம ஓ.டி. பாத்தா ரெட்ட சம்பளம் குடுக்கறாங்க. கோயிலுக்குக் குடுக்கணும்னுதான் கோயிலுக்கு வர்ல அண்ணா."

மாப்பிள்ளை, நீங்கள் எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், செய்திருப்பீர்கள். எனக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரசன்னா அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கம்பெனிதான். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு யார் யார் வரலாம் என்று அனுமதி கொடுப்பவனும் அவன்தான். பட்டியல் பெயரில்லாமல் டோக்கன் நம்பராக வருவதால் வாராவாரம் இவளுக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கங்கம்மாள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தம்பிக்கு மயக்கமா, சாப்பிட்டியா என்று விசாரித்தாள். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் பை கட்ட முடியாமல் வாய் பிதுங்கி நின்றது. எடுத்து வைப்பதை அவள் நிறுத்தவே இல்லை. கை பழகிவிட்டது அக்கா, தானாகப் போகிறது என்றாள். மெர்சி அந்தப் பையைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டாள். நான் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தூசி அதிகம் அந்தப் பக்கம்.

நீ கொடுக்கிற அரிசியைவிடப் பெரிய காணிக்கை எங்கள் சபையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தோம். நேற்றுச் சனிக்கிழமை நானும் பிரசன்னாவும் ஏணி போட்டுப் பலகையைக் கழற்றினோம். போஸ்டரைக் கிழித்தோம், பாஞ்சாலி எங்களுக்கு ஓசியில் டீ கொடுத்தாள். பெட்டியை நான் ஒரு துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டேன். இன்று காலை கங்கம்மாள் வந்தாள். மெர்சியும் வந்தாள். பையை ஆயரே கைநீட்டி வாங்கிப் பீடத்தில் வைத்தார். இதோ அந்த அரிசியைத்தான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், பாதி குழைந்திருந்தது, பாதி முறைத்தது.

ஆகையால் உங்கள் கமிட்டிக்கு நான் சொல்வது இதுதான். ஜனங்களைக் கொடுக்கத் தூண்ட வேண்டுமென்றால் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். கழிப்பறைக்கு என்ன செலவு என்று கேட்கிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். எங்கள் கழிப்பறைக்குச் சுவர் எழும்பிவிட்டது, கதவுதான் பாக்கி. ஆனால் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஏழை ஜனங்களைக் கூசவைக்கிற அந்தச் சத்தத்தை ஆலயத்துக்குள் விடாதீர்கள். கொடுப்பது கொடுக்கிறவருக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். இதை என் அனுபவமாகவே, என் பெயர் போட்டே வாசிக்கலாம்.

தங்கள் ஊழியமும் லீலாவின் முழங்காலும் பலப்பட வேண்டுமென்று ஜெபிக்கிறோம். சபையார் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
நாகப்பன், பொருளாளர்.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவப் போனபோது வாசலில் கங்கம்மாள் வந்து நின்றாள், அதனால் இதையும் எழுத வேண்டியதாயிற்று. கையில் ஒரு டச் போன். அந்த ஓ.டி. பணத்தைப் போட்டுப் படப்பையில் பழசாக வாங்கினாளாம், இதில் எப்படிக் காணிக்கை அனுப்புவது என்று காட்டச் சொன்னாள். அதெல்லாம் இனி வேண்டாம் கங்கம்மா, உன் மனம் கஷ்டப்படக் கூடாது என்றுதான் பெட்டியையே எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நினைத்திருந்தாளாம்.

"யாரக் கேட்டு எடுத்தண்ணா? எல்லாருதும் சொல்லிச்சு, என்து வர்ற நேரத்துல எடுத்துட்டியா? இத்தினி வருசமா நான் போட்டது ஒரு சத்தமும் இல்லாமதான போச்சு. ஒரு தபா அந்தப் பொம்பள என் துட்டையும் சொல்லட்டுமே. நான் கேக்கணும்."

மெர்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அதானே என்றாள். ஆகையால் மாப்பிள்ளை, பெட்டியைப் பற்றி மேலே எழுதியதைக் கமிட்டியில் வாசிக்க வேண்டாம். பெட்டி இப்போது சார்ஜில் இருக்கிறது. வருகிற ஞாயிறு காணிக்கைப் பாட்டை ஒரு சரணத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி ஆயரிடம் போனில் சொல்லிவிட்டேன், அவளுடையது வரும்போது சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும்.